ஒன்பது பலகைகளும் ஒரு கையெழுத்தும்

கொடுப்பவன் கை கடலைவிடப் பெரியது. அலைச்சறுக்குச் சங்கத்தின் தலைவர் இந்த வாசகத்தைப் பன்னிரண்டடி பேனரில் அச்சடித்து வாசலில் கட்டியிருந்தார். அதற்குக் கீழே, வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்காக உறுப்பினர்கள் கொண்டுவந்து போட்ட ரப்பர் உடைகள் குவிந்து கிடந்தன. குவியலில் மூத்திர வாடை அடித்தது. அலையில் இருப்பவர்கள் அவசரத்துக்குக் கரையேறுவதில்லை என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அலசிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடைந்த சறுக்குப் பலகைகளுக்கு ஒட்டுப் போடுகிறவளை அங்கே 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாப் பொருள்களும் பயன்படுத்தத் தகுந்தவை என்று பழுது பார்ப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கப்பலேறும். சங்கத்தின் ஒட்டு வேலை மொத்தமும் அவளுக்கே வருவதால், மறுக்க மாட்டாள் என்று தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்.

ஓர் உடையின் கைக்குள்ளிருந்து பழைய பிளாஸ்திரி ஒன்று, யாருடைய முடியோடோ, அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிவிட்டுப் பலகைகளிடம் போனாள். ஒன்பது பலகைகள். ஒவ்வொன்றின் நடுவிலும், கொடுத்தவர் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பெரிய ஸ்டிக்கர். ஒரு சிரிப்பை நகத்தால் உரித்தாள். பின்னாலிருந்த விரிசலிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. மற்ற எட்டையும் உரித்துப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் விரிசல் மேலதான் மூஞ்சி இருக்கு."

"ஃபோட்டோவுல நடுவுல இருந்தாத்தானே தெரியும்," என்றார் செயலாளர். தலைவர் மனைவியின் தம்பி அவர். அந்தப் பதவிக்கு வேறு தகுதி கேட்பதில்லை.

"போன வருஷம் நீங்க அனுப்புனது அலையில ரெண்டா ஒடைஞ்சு, ஒரு பொண்ணுக்குத் தாடையில ஆறு தையல். நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டது. அவங்க கோச் அதைத் திட்டி எழுதின லெட்டரைத்தான் நீங்க சட்டம் போட்டு வாசல்ல மாட்டியிருக்கீங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "அது நன்றிக் கடிதம் இல்லையா?"

"நல்ல தாள்ல இருந்துச்சு, அத்தான்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"மாடு உசுரோட இருந்தா பாக்க மாட்டேன், சார்."

"கையெழுத்துப் போடலைன்னா ஒட்டு வேலைக்கு வேற ஆள் பாத்துக்குவோம்."

அவள் கையில் ஒட்டிய பழுப்பைத் துணியில் துடைத்தாள்.

"பாத்துக்குங்க. இன்னொரு தாடைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கட்டடத்துல பிள்ளைங்க கையில குடுக்கற மாதிரிப் பலகை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு வேணா போடறேன்."

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், தனி விளக்கு வெளிச்சத்தில் தொங்கிய பலகையைக் காட்டினாள்.

தலைவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "அது என்னோடது. எட்டு வருஷமா நானும் அதுவும் பாக்காத அலை இல்ல. அதைக் குடுக்கறதும் பெத்த புள்ளையைக் குடுக்கறதும் ஒண்ணு."

"ஒரு கீறல்கூட இல்லாம வளத்திருக்கீங்க," என்றபடி அவள் அந்த நாற்காலிமேல் ஏறினாள்.

"ஏய், இறங்கு," என்றார் செயலாளர்.

அவள் பலகையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திருப்பினாள். அடியில் மீனுக்கு இருப்பதுபோல் மூன்று சிறு துடுப்புகளைத் திருகி மாட்டாமல் எந்தப் பலகையும் அலையில் திரும்பாது. அந்த மூன்றும், கடையில் கொடுத்த பை பிரிக்கப்படாமல், பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தன.