மாதேஷ் இன்னும் பதில் சொல்லவில்லை

1

இந்தக் கதை கம்பெனிப் பேருந்தில் எனக்குப் பின்சீட்டில் கிடைத்தது. சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன். இறங்கிய பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்ற சந்தேகம் வந்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஓசூரின் பனி படர்ந்த காலைப்பொழுதில் ஆலைச் சங்கு—’

[நிறுத்திவிட்டேன். சம்பவம் நடந்தது மத்தியானம். அந்தக் கம்பெனியில் சங்கும் கிடையாது.]

பரமசிவம் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். ஊரில் ஒருவரின் சாதியைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு கேள்விகள் போதும்: எந்த ஊர், எந்தத் தெரு. ஓசூரில் அது பலிக்கவில்லை. ஒரே ஆள் வீட்டில் கன்னடமும் கடையில் தெலுங்கும் ஷிப்டில் தமிழும் பேசினால் என்னவென்று கணக்குப் போடுவது?

அவனோடு ஒரே பிரஸ் மெஷினில் நின்ற மாதேஷ் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வயதில் மூத்தவர். ராகி, யானை என்றே பேசுவார். பெரிய நிலக்காரர் என்று பரமசிவம் தானாக முடிவு செய்துகொண்டான். ‘அண்ணே’ என்று கூப்பிட்டான். அவர் டப்பாவிலிருந்து உரிமையோடு களி எடுத்துத் தின்றான்.

2

கேன்டீன்.

“ராவெல்லாம் தூக்கமில்லப்பா. யானை ராகியில பூந்துடுச்சு” என்றார் மாதேஷ்.

“உங்களுக்கு எத்தனை ஏக்கர்ண்ணே?”

“எனக்கேதுப்பா நெலம்? காலனிக்காரன் நான். காவலுக்குப் போனன்.”

பரமசிவத்தின் வாயில் அப்போது களி இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று தீர்மானிப்பதற்குள் அது இறங்கிவிட்டது. பிறகு சில்வர் டப்பாவால் மாதேஷின் இடது காதோடு சேர்த்து அடித்தான்.

“என்னைய ஏமாத்திட்டியேல!”

மாதேஷ் காதைப் பொத்திக்கொண்டு சொன்னது: “நீ கேக்கவே இல்லியேப்பா.”

பேருந்தில் சிரித்தது இந்த இடத்தில்தான்.*

* போலீஸ் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ‘ஃபேக்டரிக்குள்ள நடந்ததுதானே’ என்றார்கள்.

3

பரமசிவத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சூப்பர்வைசர் முனிவேல், “மாதேஷ் மறுபடி மெஷின்ல உன்கூட நிக்கறன்னு சொன்னா உள்ள வா. இல்லன்னா ஊருக்கு பஸ் ஏறு” என்றார்.

இங்கே பரமசிவம் திருந்த வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம். ஓசூர் ஓரத்து ஜூஜுவாடி அறையில் இருந்தபடி அவன் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மூட்டை தூக்கப் போனான், அங்கே ஒருவன் அவனை ‘லேய்’ என்று விரட்டினான், அன்றே அவனுக்குப் புரிந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவமானப்பட்டவர்கள் பெரும்பாலும் அடுத்து அவமானப்படுத்த ஆள் தேடித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மாதேஷைப் பார்க்க தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறினான். இறங்கி, டீக்கடையில் காலனிக்கு வழி கேட்டான். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, “நீயும் காலனிதானா?” என்றார்.

பரமசிவம் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

இந்தக் கதையில் உள்ள மொத்த மனமாற்றமும் இதுதான். இதைவிடப் பெரிதாக எழுதிப் பார்த்தேன்; எனக்கே நம்பிக்கை வரவில்லை. [வேலைக்காக மூடியிருக்கலாம். அடி விழும் என்று மூடியிருக்கலாம். தெரியவில்லை.]

4

மாதேஷ் வாசலுக்கு வந்தார்.

“அண்ணே, நான் செஞ்சது தப்புதான்.”

“இந்தப் பக்கமா வந்து சொல்லு. அந்தக் காது கேக்காது.”

பரமசிவம் இடம் மாறி நின்று மறுபடியும் சொன்னான்.

“அண்ணேன்னு சொல்லாத. அது நீ எவனோ நெலக்காரனுக்குச் சொன்ன அண்ணே.”

“வேற எப்படிக் கூப்பிடட்டும்?”

“பேரு இருக்குதில்ல.”

“மூத்தவங்கள எப்படிப் பேர் சொல்லி…”

“ஓ. மூத்தவன்னு இப்பத்தான் தெரியுதா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி சாந்தம்மா: “களி கெடக்குது. துன்றானான்னு கேளு. டப்பா மட்டும் கையில குடுத்துடாத.”

பரமசிவம் தலை குனிந்தான். “வேலைக்கு… நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

5

முடிவு அ: மாதேஷ் அவன் தோளில் கை வைக்கிறார். [அடித்துவிட்டேன். அடி வாங்கியதும் அவர், தோளில் கை வைப்பதும் அவர் என்றால் மற்றவனுக்கு என்ன வேலை?]

முடிவு ஆ: மாதேஷ் கதவைச் சாத்துகிறார். பரமசிவம் ஊருக்குப் போகிறான். [அங்கே அவன் மாற வேண்டிய அவசியமே இல்லை. மாதேஷின் காதும் திரும்பி வராது.]

முடிவு இ: மாதேஷ் மனதுக்குள் என்ன நினைத்தாரென்றால்—

[அங்கே நான் போகவில்லை. அவர் என்னைக் கூப்பிடவில்லை.]

அவர் வாய்விட்டுச் சொன்னது மட்டும் இருக்கிறது: “யோசிச்சு சொல்றன்.”

“எப்ப சொல்லுவீங்க?”

“அடிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா, எப்ப அடிக்கட்டும்னு?”

அவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே கதை முடியவில்லை. நீங்கள் பரமசிவமாக இருந்தால் காத்திருங்கள். முனிவேலாக இருந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். என்னைப் போலச் சிரித்தவராக இருந்தால், அந்த இடத்தை இன்னொருமுறை படியுங்கள். மாதேஷாக இருந்தால் உங்களுக்கு இந்தக் கதையில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்.