ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல்

பெர்த் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கோலார் தங்கவயலைத் திருத்துவது ரொம்பச் சுலபம். பதின்மூன்று வருஷமாக நான் அதைத்தான் செய்துவருகிறேன். ஊரைவிட்டுக் கிளம்பிய நாற்பது பேர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். மெல்போர்ன், டொரண்டோ, மஸ்கட் என்று ஆளுக்கொரு மூலை. காலையில் யாராவது ஊர்ச் செய்தி ஒன்றைப் போடுவார்கள். அன்று முழுக்க லஞ்சத்தைக் கிழிகிழி என்று கிழிப்போம். நாம் வெளியேறியதற்கே லஞ்சம்தான் காரணம் என்பான் மெல்போர்ன் லாய்ட். சுரங்கம் மூடி, வேலை இல்லாமல் கிளம்பியவன் அவன். ஆனாலும் நாங்கள் மறுத்துப் பேசியதில்லை. அந்தக் காரணம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

போன நவம்பரில் அம்மாவுக்கான பேப்பர்களை வாங்க ஊருக்குக் கிளம்பியபோது, ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்காமல் வேலையை முடித்துக் காட்டுகிறேன் என்று குழுவில் சபதம் போட்டேன். முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. மிச்சம் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

அம்மா பழனியம்மா மாரிகுப்பத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா சின்னப்பா இறந்து இரண்டு வருஷம். ஜூலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வந்து கதவைத் தட்டும்வரை அரை நாள் எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என்னோடு வந்துவிடு என்றேன். ஆச்சரியமாக, உடனே சரி என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் பங்காருபேட்டையில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்திருந்தாள்.

ஒரே ஒரு தாள்தான் குறைந்தது. வம்சவிருட்சம் என்பார்கள். இன்னாருக்கு இன்னார் மனைவி, இன்னார் பிள்ளை என்று அரசாங்கம் எழுதித் தரும் சான்றிதழ். அது இல்லாமல் விசா இல்லை.

ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகாயம் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். ஊருக்கே பாரம் எழுதிக் கொடுப்பவர். ஒரு கவரை உள்ளே அனுப்பிவிட்டால் விசாரணை எதுவும் வராது, மூன்றே நாளில் வீடு தேடித் தாள் வரும் என்றார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மாவின் முகம் வாடியது.

"குடுத்துட்டு வாயேன்டா. எதுக்கு வம்பு?"

நாடு ஏன் உருப்படவில்லை என்று அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.

எனக்கு அதில் அதிர்ச்சியும்கூட. ஏனென்றால் எங்கள் வீடு சீர்திருத்த வீடு. தலைமுறைகளாகப் பௌத்தர்கள். எங்கள் லைனில் அம்மா வயதுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பார்வதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பின்னால் நிற்பவளைப் பார்த்து "நீயே சொல்லேம்மா" என்பார். என் அம்மா மட்டும் "சின்னப்பா" என்று பட்டென்று சொல்வாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். பெண் விடுதலை பற்றிக் குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டு, அதில் அம்மாவை உதாரணம் காட்டியும் இருக்கிறேன்.

ஆபீஸில் யாரும் என்னிடம் லஞ்சம் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டால்தானே சண்டை போடலாம்? முதல் நாள் சர்வர் இல்லை. மறுநாள் சர்வர் இருந்தது, கையெழுத்துப் போடுபவர் இல்லை. அடுத்த நாள் இருவரும் இருந்தார்கள், என் பாரம் இல்லை. நான்காம் நாள் பொறுமை இழந்து, புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி சுனிதாவின் அறைக்குள் நேராக நுழைந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். கிளார்க்கைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே இரண்டு கேள்வி கேட்டார். அந்த மனிதருக்கு வியர்த்ததைப் பார்த்து எனக்குக் குளிர்ந்தது.

"நீங்க சொல்றது கரெக்ட் சார். எல்லாம் ரூல் படியே பண்ணிடலாம்," என்றார் சுனிதா.

ரூல் என்னவென்றால், திங்கட்கிழமை நேர் விசாரணை. அப்பாவின் சுரங்க சர்வீஸ் பேப்பர், பல வருஷம் பக்கத்தில் குடியிருந்த சாட்சிகள், சத்தியப் பிரமாணம். அம்மா நேரில் வந்து சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் குழுவில் போட்டேன்: தட்டிக் கேட்டால் எல்லாம் நடக்கும், நாம்தான் கேட்பதில்லை. லாய்ட் கைகூப்பிய படங்களாக அனுப்பித் தள்ளினான்.

அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள். சத்தியம் பண்ண வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பார்வதம்மாவைக் கையோடு கூட்டிவந்தாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பார்வதம்மாதான் சொன்னார்.

சின்னப்பா என்பது என் அப்பாவின் பெயரே இல்லை. அது அப்பாவின் பெரியப்பா மகன் பெயர். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர்.

"மொத நாள் சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கி ஏறினவன், சாயங்கால வண்டியப் புடிச்சி ஊருக்கே பூட்டான். மறுபடி இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்கல. அவன் பேரு போட்ட டோக்கன் மட்டும் சும்மா தொங்கிக்கினு இருந்துச்சு."

கிடைத்த வேலையை விட மனசு வருமா? மேஸ்திரிக்கு ஓர் ஆட்டுக்கடா போயிருக்கிறது. மறுநாள் முதல் ஷிப்டில் அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு என் அப்பா இறங்கியிருக்கிறார். அதன்பின் இருபத்தேழு வருஷம் சின்னப்பாவாகவே இறங்கி ஏறினார். சின்னப்பாவாகவே நெஞ்சில் தூசி அடைத்து இருமினார். பென்ஷன், ரேஷன் கார்டு, என் பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆஸ்திரேலியக் குடியுரிமை எல்லாமே அந்த ஓர் ஆட்டின் மேல் நின்றுகொண்டிருந்தன. எங்கள் லைனில் மட்டும் இப்படி நான்கு பேராம். ஒருவர் லாய்டின் அப்பா. இதை நான் லாய்டிடம் சொல்லப்போவதில்லை.

"அப்ப அப்பா பேரு இன்னாம்மா?" என்றேன்.

அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்வதம்மாதான் சிரித்தார்.

"அவ எப்டிடா சொல்லுவா? கட்டுனவரு பேராச்சே. காத்தவராயன்."

லைனில் பெரியவர்கள் அப்பாவை 'ராயா' என்று கூப்பிடுவார்கள். அவர் நடையைப் பார்த்து வைத்த பட்டப்பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ரேஷன் கடையில் மட்டும் பட்டென்று சொன்னாயே என்று அம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் திரும்பினாள்.

"அது உங்க பெரியப்பா பேருதானே. சொல்றதுக்கு இன்னா?"

பெண் விடுதலைப் பதிவை அன்று மாலையே அழித்தேன்.

சகாயத்தைத் தேடி ஓடினேன். கவர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, விசாரணையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். மேடம்வரை விஷயம் போய்விட்டது, அவர் வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார் என்றார். ஊரில் இருந்த ஒரே நேர்மையான அதிகாரியைத் தேடிப் பிடித்தது நான்தானே.

திங்கட்கிழமை, கூப்பிட்டது இரண்டு சாட்சிகளை. வந்தது லைனில் பாதி. யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டோ காசுகூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷமாக 'ராயா' என்று கூப்பிட்ட வாயால் ஒவ்வொருவராகச் சின்னப்பா, சின்னப்பா என்றார்கள். பார்வதம்மாவிடம் அவர் புருஷன் பெயரைக் கேட்டபோது வழக்கம்போல முந்தானை வாய்க்குப் போயிற்று. பின்னால் நின்றவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுனிதா சிரித்தபடி எழுதிக்கொண்டார். அடுத்து அம்மா.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"சின்னப்பா."

சுனிதாவின் பேனா நின்றது. அம்மாவைப் பார்த்தார், பார்வதம்மாவைப் பார்த்தார். இந்த வயசுக்காரர்கள் யாரும் சொல்வதில்லையே, நீங்கள் மட்டும் உடனே சொல்லிவிட்டீர்களே என்று கேட்டார். அம்மாவின் விரல்கள் முந்தானையைத் தேடுவதைப் பார்த்தேன். தரையில் அரை நாள் கிடந்தவள். இங்கே தவறினால் மறுபடி அதே தரைதான்.

"நாங்க சீர்திருத்தக் குடும்பம் மேடம். அம்மா எப்பவுமே இப்படித்தான்," என்றேன்.

சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள். பொய் என்று தெரிந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சுனிதா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற இடத்தில் நானும் போட்டேன்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது சகாயம் தாளைப் பார்த்தபடி சொன்னார்:

"கவரு குடுத்திருந்தா, இத்தினி பேரு பொய் சொல்லியிருக்க வேணாம் சார்."

ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்று குழுவில் போட்டேன். அது உண்மைதான். இந்த முறை முப்பத்தொன்பது கட்டைவிரல்களும் உயர்ந்தன. என் அனுபவத்தைப் பாடமாக எழுதச் சொன்னான் லாய்ட்.

மார்ச்சில் விசா வந்தது. கூட்டிப்போக மறுபடி வந்தேன். கார் வேண்டாம், ரயிலில்தான் வருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறினோம். வெயிலில் ஸ்வெட்டரோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. அப்பா இறங்கி ஏறிய சுரங்க ஷாப்டின் இரும்புக் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். கோபுரம் மறைவதற்குள் மறுபடி, இந்த முறை காதில் விழும்படி சொன்னாள்.

"காத்தவராயன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வண்டி ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

"அங்க யாராச்சும் கேட்டா, இதையே சொல்லட்டுமாடா?"

என் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருந்தது. அவளுடைய விசாவும் இருந்தது. லஞ்சமே இல்லாத நாடு என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேணாம்மா," என்றேன். "சின்னப்பான்னே சொல்லிடு."

"அங்கியுமா?" என்றாள் அம்மா.