ஒருத்தருக்குக் கடல், ஒருத்தருக்குப் படகு

அச்சகத்தில் பிழை திருத்தும் அக்காதான் அந்தக் கடற்கரையை முதலில் கண்டுபிடித்தாள். ஒரு சுற்றுலாக் கையேட்டில் அதற்கு நாலே வரி ஒதுக்கியிருந்தார்கள். ஒரு விடுதி, ஒரு ஸ்கூபா படகு, கூட்டம் கிடையாது. அந்த நாலு வரியிலும் இரண்டு எழுத்துப்பிழை. திருத்திவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்கான தம்பிக்குப் போன் போட்டாள்.

"கடலுக்கு அடியில போய்ப் பார்ப்போமாடா?"

"நாள் முழுக்க லிஃப்ட் குழியிலதான் கிடக்கேன். அடியில போறது எனக்கு என்ன புதுசா?" என்றான். ஆனாலும் அன்றைக்கே நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தான்.

ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. எந்த பஸ், எங்கே மாறுவது, தண்ணீருக்கடியில் போடும் கண்ணாடியைச் சொந்தமாக வாங்குவதா என்று அக்காவின் சாப்பாட்டு மேசை காகிதமாக நிறைந்தது. படகுக்காரர் அனுப்பிய உடல்நலப் படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் அவள் நிரப்பாமல் விட்டிருந்தாள். காதில் எப்போதாவது அடிபட்டதுண்டா?

"அதை ஏன் காலியா விட்டிருக்கே?"

"டாக்டர் பார்த்துச் சொல்லட்டுமே."

காது டாக்டர் இடது காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தம்பி பக்கத்தில் நின்றான்.

"செவிப்பறையில ஓட்டை இருக்கும்மா. பழசு. நீங்க கடல்ல முங்கவே கூடாது. எப்ப அடிபட்டுச்சு?"

"பதினோரு வயசுல, டாக்டர்."

வெளியே பைக்கை எடுக்கும்போது தம்பி கேட்டான்.

"யாரு அடிச்சது? அப்பாவா?"

"அப்பா எங்கடா அடிச்சாரு? நீதான்."

டிவி ரிமோட்டுக்காக வந்த சண்டை. அவனுக்கு அப்போது ஏழு வயது. உள்ளங்கையை விரித்து ஒரே அறை. மூன்று வாரம் வலித்தது. குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா."

"உனக்கு எப்படி இருக்கும்? வலிச்சது எனக்குல்ல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு அடி விழும். நீ ரெண்டு நாள் ஊளையிடுவே. அதைக் கேட்டு இன்னொரு காதும் போயிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே, "எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடலாம்" என்றான்.

"நீ போகலன்னா என் ஓட்டை அடைஞ்சிடுமா? ஒருத்தர் முங்குறாரு, ஒருத்தர் படகுல உட்கார்றாங்கன்னு போன் பண்ணிச் சொல்லு."

படகுக்காரர் ஒப்புக்கொண்டார். "தாராளமா வாங்க. ஆனா சும்மா உட்கார்றவங்களுக்குத்தான் குமட்டும், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சொன்னபடியே நடந்தது. அக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தம்பிக்கு மூன்று மீட்டர் ஆழத்திலேயே காது அடைத்து வலித்தது. கூடவே முங்கிய பயிற்சியாளர் சைகை காட்ட, மூக்கைப் பிடித்து ஊதி ஊதி மெல்ல இறங்கினான். இருபது நிமிடம் கழித்து மேலே வந்தான்.

"என்னடா இருந்துச்சு?" முகத்தைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. ஒரே கலங்கல்."

"புளுகாதே. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அவன் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு சொல்லத் தொடங்கினான். கரை வந்து சேரும்வரை சொல்லி முடியவில்லை.