சாய்திமிலின் மேல் கிடைத்த சிக்னல்

காஷுன் வட்டாரத்திற்குக் கைபேசிச் சிக்னல் வந்து சேர்ந்தது, உள்ளூர்த் தேர்தலுக்கு முந்திய இலையுதிர்காலத்தில். வந்த சிக்னல் மேய்ச்சல்காரி கந்த்மாவின் ஒட்டகத்தினுடைய இரண்டு திமில்களுக்கும் இடையில் அமர்ந்துகொண்டது; அதன்பின் வேறெங்கும் போகவில்லை. அது விதையடித்த ஆண் ஒட்டகம், சவாரிக்குப் பழகியது. முன்திமில் இளமையிலேயே இடப்பக்கம் சரிந்துவிட்டதால் அதனைச் சாய்திமில் என்றே அழைத்து வந்தனர். கந்த்மாவின் மகன் சோய்ஜில் கிணற்றுக்கு அதன்மீது போய்க்கொண்டிருந்தபோது, நகரத்தில் வாங்கியது முதல் ஒருமுறையும் ஒலித்திராத அவனுடைய கைபேசி மேலங்கிக்குள் ஒலித்தது. இறங்கினான், நின்றுபோயிற்று. மறுபடி ஏறினான், ஒலித்தது. தெற்கே எல்லையில் நிலக்கரி லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்றது மறுமுனையில் ஒரு குரல். அந்த வேலைக்கே அவன் போனான்.

காஷுன் மக்கள் இதற்கு வியக்கவில்லை. முன்பொரு கோடையில் ஒரு கிணறு தன் இடத்தை விட்டுத் தெற்கே நகர்ந்தபோதும் அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போனார்களேயன்றி வேறொன்றும் கேட்கவில்லை. சிக்னலின் இயல்பை மட்டும் சோதித்து அறிந்துகொண்டனர். கைபேசியைத் தனியே ஒட்டகத்தின் முதுகில் கட்டி வைத்தால் பயனில்லை. ஆள் ஏறி உட்கார வேண்டும். ஒட்டகம் படுத்திருந்தால் ஆகாது. எழுந்து நிற்க வேண்டும். மற்றபடி மேய்ச்சல் நிலமாயினும் சரி, கற்பரப்பாயினும் சரி, சாய்திமில் நிற்கும் இடமெல்லாம் சிக்னல் இருந்தது.

நெடுந்தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் குதிரையிலும் ஆட்கள் வரலாயினர். வந்தவருக்கு உப்புப் பால்தேநீர் கொடாமல் அனுப்புவது அந்நாட்டில் எவரும் செய்யாத காரியம். ஆகவே கந்த்மாவின் அடுப்பு காலைமுதல் மாலைவரை எரிந்தது. பனிக்காலத்திற்கென்று அடுக்கி வைத்த உலர்சாணம் கோடையிலேயே பாதியாகக் குறைந்தது. உயரத்தில் அமர்ந்து காற்றுக்கு எதிராகக் கத்திப் பேசவேண்டியிருந்தபடியால் ஒருவர் வீட்டுச் செய்தி கீழே காத்திருந்த அனைவருக்கும் தெரிந்தது. “இறங்குய்யா, உன் மச்சானோட ஆட்டுக்கு எல்லாம் பேரு வச்சிட்டுதான் இறங்குவியா?” என்று கீழிருந்து ஒருவர் கேட்பார். “உனக்குப் பேச ஆளே இல்லை, ஒட்டகத்துல ஏற மட்டும் அவசரம்” என்று மேலிருந்து பதில் வரும். சோய்ஜிலின் மனைவி சொலோங்கோ கணவனோடு பேச ஏறும்போது மட்டும் கந்த்மா எல்லோரையும் கூடாரத்திற்குள் அழைத்து, கோப்பைகளை இரண்டாம்முறை நிரப்பி, தன் மூக்குப்பொடிச் சிமிழையும் எடுத்து நீட்டுவாள். அந்தப் பெண் தன் வெட்கத்தோடு வெளியே தனியே பேசட்டும் என்பது அவள் எண்ணம். சோய்ஜில் வசந்தத்தில் சில நாள் வீட்டுக்கு வந்துபோனபின், சொலோங்கோ கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தியும் அந்த உயரத்திலிருந்துதான் தெற்கே போயிற்று.

சிக்னல் எட்டாத அடுப்பு ஒன்றும் நாட்டில் இருக்கலாகாது என்று அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியிருந்த காலம் அது. வட்டாரத் தலைவன் தம்தின் விண்ணப்பித்து, விண்ணப்பித்து, ஒரு கோபுரத்திற்கு அனுமதி வாங்கினான். இரும்புத் துண்டங்களும் கிணற்றடியில் வந்து இறங்கிவிட்டன. அவற்றைக் கோபுரமாக நட்டு நிறுத்துமுன் இப்போது அங்கே சிக்னல் இல்லை என்று முறைப்படி அளந்து காட்ட வேண்டியிருந்தது. அதற்குத் தலைநகரிலிருந்து ஓர் இளம் பொறியாளர், அளவுக்கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். மக்கள் படும் பாட்டை அவர் கண்ணால் காணட்டும் என்று தம்தின் சாய்திமிலை மண்டியிடச் செய்து அவரை ஏற்றினான். தானே கயிற்றைப் பிடித்து வட்டாரத்தின் எல்லைவரை நடத்திக்கொண்டும் போனான். கருவி எங்கும் முழு அளவு காட்டியது.

“தலைவரே, எல்லா இடத்துலயும் முழுசா இருக்கே” என்றார் பொறியாளர்.

“ஐயா, கீழ இறங்கிப் பாருங்க. ஒட்டகத்தை விட்டா ஒண்ணும் இல்ல.”

“கருவி எதுமேல இருக்கணும்னு விதியில இல்ல. நான் பார்த்ததைத்தானே போட முடியும்?”

அவர் தேநீர் அருந்தி, தயிர்க்கட்டி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டார். காஷுன் வட்டாரம் அரசாங்க வரைபடத்தில் பச்சை ஆயிற்று. மாதம் முடியுமுன் லாரி ஒன்று வந்து இரும்புத் துண்டங்களை ஏற்றிக்கொண்டு, பெரிய மனிதர்கள் கோடைக்குத் தங்கும் ஓர் ஏரிக்கரைக்குப் போயிற்று. தம்தினுக்குப் பாராட்டுப் பதக்கம் ஒன்றும், பச்சை நிறம் குன்றாமல் காப்பது அவன் பொறுப்பு என்ற உத்தரவும் வந்தன.

உத்தரவு அவனை உறங்கவிடவில்லை. ஒட்டகம் களவு போகலாம், ஓநாய் கடிக்கலாம், கொடும்பனியில் கையிருப்பு தீர்ந்தால் கந்த்மாவே அதனை அறுத்துவிடலாம். இவற்றையெல்லாம் தடுக்க அந்நாட்டார் அறிந்த வழி ஒன்றே. ஒரு விலங்கை மலைத் தெய்வத்திற்கு நேர்ந்து விட்டால் அதனை விற்பாருமில்லை, அறுப்பாருமில்லை, திருடுவாருமில்லை. தம்தின் லாமா ஒருவரை அழைத்து வந்தான். சூரைச்செடியின் நறும்புகை காட்டி, நெற்றியில் பால் தடவி, சாய்திமிலின் கழுத்தில் நீலப்பட்டுத் துணியைத் தம்தினே தன் கையால் கட்டினான். வட்டாரமே கூடி மகிழ்ந்தது. கந்த்மாவுக்கும் மகிழ்ச்சிதான், தன் விலங்கு ஒன்றுக்கு இத்தகைய மதிப்புக் கிடைத்ததில் அவள் கண் கலங்கினாள். விருந்து முடிந்து, தன் தம்பிக்கு இந்த நல்ல செய்தியைச் சொல்வதற்காக ஒருவர் கைபேசியோடு ஒட்டகத்தருகே போய்க் காலைத் தூக்கினார்.

“என்ன பண்றீங்க? நேர்ந்து விட்டதுமேல யாராவது ஏறுவாங்களா?” என்றார் லாமா.

தூக்கிய கால் அப்படியே நின்றது. நேர்ந்த விலங்கின்மேல் ஏறலாகாது என்பதைக் காஷுனில் நடக்கத் தெரிந்த குழந்தையும் அறியும். அத்தனை பேரும் அறிந்திருந்தனர், ஒருவரும் நினைத்திருக்கவில்லை. பட்டுத் துணியை அவிழ்த்துவிடலாமா என்று தம்தின் மெல்லக் கேட்டான். பட்டு அவிழும், பாவம் அவிழாது என்று சொல்லிவிட்டு லாமா தம் குதிரையில் ஏறினார். அன்றுமுதல் சிக்னல் சாய்திமிலின்மேல் முழுமையாக இருந்தது. வட்டாரத்தில் ஒருவரும் பேசவில்லை.

அக்குளிர்காலத்தில் மாவட்ட மருத்துவமனையின் வண்டி வரவில்லை. ஆண்டுதோறும் பனி இறுகுமுன் கூடாரம் கூடாரமாக வந்து கர்ப்பிணிகளைப் பார்த்துப் போகும் வண்டி அது. ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒட்டகத்தின்மேல் ஏற வேண்டும். சொலோங்கோவைப் பேற்றுக்கு முன்னரே நகரத்திற்கு அனுப்பிவிடக் கந்த்மா எண்ணியிருந்தாள். ஆனால் பனி முந்திக்கொண்டது, பாதை மறைந்தது. ஒரு பிற்பகலில், நாள் நிறையாமலே, அவளுக்கு வலி கண்டது. வலியோடு இரத்தமும் போகத் தொடங்கியது. அவ்வாண்டு அதே பாறைச்சரிவின் காப்பில் முகாமிட்டிருந்த தம்தினும் அவன் மனைவி செவ்ஜித்தும் ஓடி வந்தனர். செவ்ஜித் உள்ளே போனாள். கந்த்மா கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாய்திமில் புருவத்தில் பனி படிந்து, பட்டுத்துணி விறைத்து, தன் இடத்தில் நின்றது.

“தம்தின், நீ ஏறு. நீதானே தலைவன்.”

“அக்கா, என் கையால கட்டின பட்டு அது. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

“எனக்கு இருக்கறது மட்டும் என்ன, ஆட்டுக்குட்டியா? சரி, கயித்தையாவது பிடி. கயித்தைப் பிடிச்சா பாவம்னு லாமா சொல்லலையே.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். “சொக், சொக்” என்று கந்த்மா சொன்னாள். ஒட்டகம் மண்டியிட்டது, அவள் ஏறினாள், எழுந்து நின்றது. வானம் ஒன்றும் செய்யவில்லை. மருத்துவமனையின் எண்ணை அழுத்தினாள். அழைப்பு மாவட்டத்திற்குப் போகாமல், புதிய ஏற்பாட்டின்படி, தலைநகரிலிருந்த உதவி மையத்திற்குப் போயிற்று. ஓர் இளம்பெண்ணின் குரல் எந்த வட்டாரம் என்று கேட்டது.

“காஷுன். மருமகளுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. வண்டி அனுப்பு, மகளே.”

“பார்க்கறேன்மா. காஷுன் பச்சையில இருக்கு. பச்சை வட்டாரத்துக்கு வண்டி கிடையாதும்மா, டாக்டர் போன்லயே பார்ப்பாரு. லைன்லயே இருங்க.”

“நான் ஒட்டகத்துமேல உக்காந்திருக்கேன்.”

“பரவாயில்லம்மா. வச்சிடாதீங்க, வச்சிட்டா திரும்ப முதல்லேர்ந்து வரணும்.”

பிறகு இசை ஒன்று வந்தது. பொம்மைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அத்தகைய மெட்டு. முடிந்து, முடிந்து, தொடங்கியது. கூடாரத்திற்குள்ளிருந்து சொலோங்கோ “அம்மா” என்று அழைத்தாள். இறங்கினால் அழைப்பு அறும். அறுந்தால் மருத்துவர் வரமாட்டார். “இதோ வந்துட்டேன் கண்ணு, டாக்டர் வந்துட்டாரு” என்று கந்த்மா மேலிருந்து பொய் சொன்னாள். மறுபடியும் “அம்மா” என்று கேட்டது. மெட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஒளி மங்கிய வேளையில் ஒரு குழந்தை அழுதது. அதற்குப்பின் “அம்மா” என்று யாரும் அழைக்கவில்லை. செவ்ஜித் வெளியே வந்து, கைகளைப் பனியில் தேய்த்துக் கழுவினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்தின் அப்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். மருத்துவர் இணைப்புக்கு வரவில்லை. கைபேசியில் மின்சாரம் தீர்ந்து திரை கறுத்தது. மெட்டு மட்டும் நிற்கவில்லை. அது ஒட்டகத்தின் வயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மகனுக்குச் செய்தி சொல்லவும் அவள்தான் ஏறினாள். சோய்ஜில், “அவ கூப்பிட்டான்னு சொல்றீங்களே, அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்று கேட்டான். “மேல” என்றாள் கந்த்மா. அவன் வசந்தத்தில் வந்து, மனைவியின் உடலை வைத்த இடத்தைப் பார்த்தான். மகளை ஒருமுறை தூக்கினான். தாயிடம் தேநீர் வாங்கிக் குடியாமலே திரும்பிப் போனான். அதன்பின் பணம் அனுப்பினான், அழைக்கவில்லை.

கந்த்மாவின்மேல் பாவம் எவ்வாறு இறங்குகிறது என்று வட்டாரம் ஓராண்டு பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் இறங்கக் காணோம். பின்னர் ஒருநாள் அண்டை முகாமைச் சேர்ந்த ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, “அக்கா, பாவம் எப்படியும் உங்களோடதுதானே. இன்னொரு தடவை ஏறினா கூடவா போகுது? என் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்” என்றாள். கந்த்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், தேநீர் கொடுத்தாள், ஏறினாள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் வந்தனர். காஷுனின் பிறப்பும் இறப்பும் கம்பளி விலையும் காதற்சண்டையும் அவள் ஒருத்தியின் வாய் வழியே வெளியுலகம் போயின. தேர்தலில் மறுபடியும் வென்ற தம்தின், எதிர்ப்பட்ட போதெல்லாம் தொப்பியை எடுப்பான். வட்டாரத்தின் சேவை திருப்திகரமா என்று ஆண்டுதோறும் மேலிடம் கேட்கிறது. அதற்குரிய பதிலையும் அவனுக்காக அவளே ஏறிச் சொல்லவேண்டியிருக்கிறது.

“என்னன்னு சொல்லட்டும்?” என்பாள்.

“முழுசா கிடைக்குதுன்னு சொல்லுங்கக்கா.”

“கிடைக்குதுதான்” என்பாள். அவ்வாறே சொல்லுவாள்.

சாய்திமில் இப்போது கிழடாகிவிட்டது, பட்டு வெளுத்துவிட்டது. அசைபோடும் வேளைகளில் அதன் வயிற்றிலிருந்து அந்த மெட்டு இன்றும் வருகிறது; மேய்ச்சலில் அது காணாமற்போனால் அதைக் கேட்டுத்தான் தேடிப் பிடிக்கின்றனர். பேத்திக்கு வேறு தாலாட்டுத் தெரியாது. பொழுது சாயும்போது கந்த்மா அவளை ஆட்டுத்தோலில் சுற்றி எடுத்துப்போய், படுத்திருக்கும் ஒட்டகத்தின் விலாவில் சாய்ந்து அமர்வாள். மெட்டு முடியும், சிறிது நேரம் ஒன்றும் இராது, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்போது குழந்தை உறங்கிவிடும்.