வாசிப்பு: நன்று

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை வாராந்தரத் தாள்களை எழுதிக்கொண்டிருந்தார். இந்த வாரம் பிள்ளை என்ன படித்தது, எது வந்தது, எது வரவில்லை என்று வீட்டுக்குச் சொல்லும் தாள். முப்பத்து நான்கு பிள்ளைகள், முப்பத்து நான்கு தாள்கள். ஜன்னலோரச் சிறுமியின் தாளில் ‘வாசிப்பு’ என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று காலை பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். ஆனால் நடுவில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. கண்முன் இல்லாத வரிகளை அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஆசிரியை பலகையில் புதிதாக ஒரு சொல்லை எழுதி வாசிக்கச் சொன்னார். சிறுமி சிரித்து மழுப்பினாள். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்றாள்.

‘காதால் கேட்டதை மனப்பாடமாகச் சொல்கிறாள். எழுத்து தெரியவில்லை.’ ஆசிரியை உள்ளதை உள்ளபடி எழுதினார்.

கையெழுத்துக்குப் போன அந்தத் தாளோடு தலைமை ஆசிரியை வகுப்புக்கே வந்துவிட்டார்.

“என்னங்க இது? எழுத்தே தெரியாதுன்னா, மூணு வருஷமா என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேக்கட்டும் மேடம். தெரிஞ்சாதானே வீட்லயும் கவனிப்பாங்க?”

“அந்தம்மா சலவைக் கூடத்துல இஸ்திரி போடுறவங்க. அவங்களுக்கே படிக்கத் தெரியாது. ‘நன்று’ன்னு போடுங்க. மெதுவா சரி பண்ணிக்கலாம்.”

ஆசிரியை வேறு தாள் எடுத்தார். வாசிப்பு: நன்று. அடுத்த வாரமும் அதையே எழுதினார். அதற்கடுத்த வாரமும். முதலில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

சிறுமியின் அம்மா ஒவ்வொரு தாளையும் வேலைக்கு எடுத்துப்போய், கூட வேலை செய்யும் ஒருத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ‘நன்று’ என்ற இடத்தில் மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். “எங்க வீட்லயும் படிச்சவ ஒருத்தி வந்துட்டா” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வரும் அறிவிப்பு, பேருந்தின் பெயர்ப்பலகை, எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் மகள்தான் வாசிக்க வேண்டும். பேருந்தை நிறத்தை வைத்துச் சொன்னாள். அறிவிப்பைப் பக்கத்து வீட்டார் பேசியதை வைத்துச் சொன்னாள். எல்லாம் எப்படியோ சரியாகவே அமைந்துகொண்டிருந்தது.

பதினோராவது வாரம் சிறுமியின் கைக்குழந்தைத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சொறியும் இருந்தது. மருந்தகத்தில் ஒரே அளவில் இரண்டு பாட்டில்கள் கொடுத்தார்கள். இரண்டிலும் வெள்ளை மருந்து. ஒன்று குடிக்க, ஒன்று தடவ. எது எது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இடுப்பில் பிள்ளை வீறிட்டு அழ, வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்குக் குழம்பிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பாட்டில்களையும் மகளிடம் நீட்டினார்.

“இதுல எதுடி குடிக்கிறது? பாத்துச் சொல்லு.”

சிறுமி இந்தப் பாட்டிலைப் பார்த்தாள். அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். அதில் துளியும் சந்தேகம் இல்லை.

“இதும்மா” என்றாள். “ரெண்டு ஸ்பூன்னு போட்டிருக்கு.”

இரண்டாவது ஸ்பூன் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கைகால்கள் வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். “தடவ மட்டும்னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கே! யாரும் பாக்கலையா?”

மூன்று நாள் கழித்துக் குழந்தை கண் விழித்தது. நான்காம் நாள் அம்மா மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சிறுமியின் கன்னத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. அம்மாவின் கையில் பதினோரு தாள்கள். விஷயம் கேள்விப்பட்டுத் தலைமை ஆசிரியையும் வகுப்புக்கு வந்திருந்தார்.

“குழந்தை பொழச்சிடுச்சு டீச்சர். இவள என்ன பண்றதுன்னுதான் தெரியல. இவ்வளவு நல்லா வாசிக்கிறவ தெரிஞ்சேதானே மாத்திச் சொல்லியிருக்கா? தம்பி செத்துப் போகட்டும்னு நெனச்சாளா? அடிச்சும் கேட்டுட்டேன், வாயே தொறக்கல. இனிமே குழந்தை பக்கத்துல இவள விடாதேங்கிறார் இவ அப்பா. நாளைக்கு அவரோட அக்கா வீட்டுக்கு அனுப்பப் போறோம். அங்கயே கெடக்கட்டும்.”

தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். “ஆமாம்மா, தம்பி பொறந்தா பிள்ளைங்களுக்குப் பொறாமை வர்றதுதான். கொஞ்ச நாள் அங்க இருந்தா...”

ஆசிரியை சிறுமியின் கன்னத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவருக்கு ஒன்றும் ஆகாது. எட்டு வயதுப் பெண் தம்பியைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு வளர்வாள்.

“அவளுக்கு வாசிக்கத் தெரியாதும்மா” என்றார். “எனக்கு மொதல்லயே தெரியும். நான் எழுதினது அத்தனையும் பொய்.”

அம்மாவுக்கு அது விளங்க நேரமாயிற்று. மெல்ல மகள் பக்கம் திரும்பினார். “நெஜமாவாடி? ஏன்டி சொல்லல?”

“நீதான் எல்லார்கிட்டயும் சொன்னியேம்மா... நான் நல்லாப் படிக்கிறேன்னு...” சிறுமி விம்மி விம்மி அழுதாள்.

அம்மா அவளை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டார். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் குரல் அடங்கியிருந்தது.

“எனக்கு எழுத்துதான் தெரியாது டீச்சர். அதுக்காக உண்மையும் தெரிய வேணாம்னு முடிவு பண்ண நீங்க யாரு?”

ஆசிரியை செய்ததை மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது, அவருக்கும் தலைமை ஆசிரியைக்கும் தண்டனையும் கிடைத்தது. சிறுமி அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் அவளை உட்காரவைத்து, முதல் எழுத்திலிருந்து ஆசிரியை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். குழந்தைக்கு வலிப்பு திரும்ப வருமா வராதா என்று மட்டும் டாக்டர்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை எழுந்து நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு சொன்னார்:

“உங்க பிள்ளைக்கு இது வரலன்னு நான் எழுதினா, வருத்தப்படுங்க, என்கிட்ட வந்து சண்டைகூடப் போடுங்க. ஆனா எல்லாமே நல்லாயிருக்குன்னு வாராவாரம் எழுதிட்டே இருந்தா, அன்னைக்குப் பயப்படுங்க.”