பேர் மூன்று, கை ஒன்று

"என் சீட்டை என்கிட்ட குடுங்க. நானே போட்டுக்கறேன்."

அச்சகக்காரரின் மனைவி இதைச் சொன்னபோது, அவர் தன்னுடையது, அவளுடையது, தன் அம்மாவுடையது என்று மூன்று உறைகளிலும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். கட்சிக் கிளைக்குத் தலைவர் தேர்தல். உறுப்பினர்களின் வீட்டுக்கே வாக்குச்சீட்டு வந்திருந்தது. குறியிட்டு, உறைமேல் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் அந்தச் சிரமத்தை வீட்டுக்கு வீடு ஆண்களே ஏற்றுக்கொள்வார்கள். பெண்களுக்கு வேலை மிச்சம், பாருங்கள்.

"ஏன், எனக்குப் போட மாட்டியா?" அவரும் வேட்பாளர். எதிர்த்து நின்றவர் தெருக்கோடி வீட்டு நர்சம்மா.

"யாருக்குப் போட்டா என்னங்க? இருபது வருஷ மெம்பர். சீட்டைக் கண்ணாலயாவது பாக்கக் கூடாதா?"

"ஊரே சிரிக்கும்டி," என்றார் மாமியார். "புருஷனையே நம்பாதவளாம்னு."

உறைகள் போய்ச் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை. தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற வாத்தியார். பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பிடித்தே தலை நரைத்தவர். மூன்று உறைகளையும் விசிறிபோல் விரித்தார். மூன்றிலும் கடைசி எழுத்துக்கு ஒரே வால்.

"ஏம்மா, இது நீங்க போட்ட கையெழுத்தா?"

கூடமே கழுத்தைத் திருப்பியது. இதையெல்லாம் நாங்கள் விடுவோமா?

"இல்லங்கய்யா. அவர் போட்டது."

அச்சகக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கு மட்டுமா? ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். வாத்தியார் அவள் உறையைத் தள்ளி வைத்துவிட்டு, "மத்தவங்க?" என்றார்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, "என்னோடதுதான்" என்றார்கள். நானும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அச்சகக்காரரின் அம்மா மட்டும் கணீரென்று, "என் கையெழுத்துதான், சத்தியமா!" என்றார்.

பதினொரு வாக்கு வித்தியாசத்தில் மகன் ஜெயித்தார். "பெண்கள் என் பக்கம்!" என்று நெகிழ்ந்தார். மனைவி கைதட்டவில்லை, எழுந்துபோய் நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் எழத் தோன்றியது. எழவில்லை.

வாத்தியார் முடிவுத்தாளை நீட்டினார். மூத்த உறுப்பினர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். புதுத் தலைவரின் அம்மா பூரிப்போடு முன்னால் வந்தார். நீட்டிய பேனாவை ஒதுக்கிவிட்டு, இடது கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டார்.

"மை எங்கப்பா?"