பொருட்காட்சித் திடலின் வரி எண்

ஹாலோவே நகரத்துக்காரர்கள் பொருட்காட்சித் திடலைத் தங்கள் எல்லைக்குள் சேர்க்கக் கேட்டு வருவது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் அவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பியவள் மார்லிஸ் ஆக்ஸ்னர். பத்தொன்பது வருஷமாகப் பொருட்காட்சியின் செயலாளர். திடல் மாவட்டத்துக்குச் சொந்தம். அது நகர எல்லைக்குள் போய்விட்டால், அங்கே விற்கிற எலுமிச்சை ஜூஸ் முதல் டிராக்டர் பொம்மை வரை எல்லாவற்றுக்கும் நகரத்தின் விற்பனை வரியும் நூற்றுக்கு ஒன்றரை சேர்ந்துவிடும்; கடைக்காரர்கள் பக்கத்து மாவட்டத்துக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். இதுதான் அவளுடைய வாதம். கான்சாஸின் அந்த மூலையில் மார்லிஸ் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

ஆனால் போன ஆகஸ்டில் மாட்டுக் கொட்டகை தீப்பிடித்தது. நகரத்துத் தண்ணீர்க் குழாய் எல்லையோடு நின்றுவிடும். திடலில் இருப்பது ஒரு கிழட்டுக் கிணறு. லாரிகளில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் போட்டிக்கு வந்திருந்த கன்றுகளில் இரண்டு செத்துப்போய்விட்டன. புருவம் பொசுங்க உள்ளே புகுந்து மற்றவற்றை விரட்டிவிட்டவர்களில் மார்லிஸும் ஒருத்தி. மேயர் டெஸ்ஸா கின்டனியா பட்டென்று சொல்லிவிட்டார்: எல்லைக்குள் வந்தால் குழாய் வரும், வராவிட்டால் இல்லை. மார்லிஸுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குத் தண்ணீர் வேண்டும். அதற்காகப் பொருட்காட்சியையே காவு கொடுக்க முடியுமா?

திடலைச் சேர்ப்பதா என்று மாவட்டக் குழு முடிவெடுக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வாசிப்பதற்குக் கணக்குத் திரட்ட, ஜூஸ் வண்டிக்கார லோனியைப் போனில் பிடித்தாள்.

"லோனி, ஒன்றரை சதவீதம் ஏறினா உனக்கு எவ்வளவு அடி விழும்? தயங்காம சொல்லு."

"ஏறுதா? நான்தான் வருஷா வருஷம் கட்டிக்கிட்டு இருக்கேனே."

"நீ கட்டுறது மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும்ப்பா."

"ஹாலோவேக்கும் சேர்த்துதாம்மா. நீங்க குடுக்கிற கடைக்காரர் புத்தகத்துல, வரி எந்த ஊருக்குப் போகணும்னு ஒரு எண் போட்டிருக்கீங்கல்ல? அதைத்தான் வரிப் படிவத்துல எழுதுறேன். எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க."

புத்தகத்தை எடுத்து மாநிலத்தின் வரி எண் பட்டியலோடு ஒப்பிட்டாள். நகரத்தின் எண்ணேதான். அந்த மாவட்டத்தில் பன்னிரண்டு மைல் தள்ளிப் பண்ணை வைத்திருப்பவன்கூட விலாசத்தில் ஹாலோவே என்றுதான் எழுதுவான். தபால் நிலையம் அங்கேதானே இருக்கிறது. பொறுப்பேற்ற முதல் வருஷம் மார்லிஸும் விலாசத்தைப் பார்த்தாள், பட்டியலில் ஹாலோவேயைத் தேடினாள், அதற்கு நேரே இருந்த எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டாள். அன்றிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. மெதடிஸ்ட் சபையார் பழம் வைத்துச் சுட்டு விற்கிற ‘பை’ பலகாரக் கடைக்குப் படிவம் நிரப்புவது அவளேதான். அதிலும் அதே எண்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வருஷப் புத்தகத்தில் சத்தமில்லாமல் எண்ணைத் திருத்திவிட்டால் கதை முடிந்தது. திருத்தக்கூடிய ஒரே ஆளும் அவள்தான்.

மாவட்டக் குழுவில் மூன்று பேர். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். மூன்றாமவர் தலைவர் டெல்பர்ட் கிராஸ், மார்லிஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கூட்டத்துக்கு முன் காபி பாத்திரத்தின் பக்கத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா மார்லிஸ்? எண்ணை மாத்திட்டுப் பேசாம இரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"உன் பேரு நாறிப்போயிடும்."

"நாறட்டும். எரிஞ்ச கொட்டகையை விடவா?"

அரங்கம் நிரம்பியிருந்தது. மார்லிஸ் எழுந்தபோது கைதட்டினார்கள். மூன்றாவது முறையும் விரட்டப்போகிறாள் என்று நினைப்பு. அவள் கையமர்த்தினாள்.

"வரி வந்தா கடைக்காரங்க ஓடிடுவாங்கன்னு உங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தினேன். பத்தொன்பது வருஷமா அந்த வரியைக் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. ஒருத்தனும் ஓடல. தப்பான எண்ணை அச்சடிச்சுக் குடுத்தது நான்தான். புதுச் செயலாளர் வேணும்னா இப்பவே சாவியைத் தர்றேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேயர் முகத்திலும் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. மார்லிஸ் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சிரிக்காதீங்கம்மா. எங்க ஜூஸ் காசு, பை காசு எல்லாம் உங்க கஜானாவுக்குத்தான் வந்துச்சு. கொட்டகை எரிஞ்சப்ப எல்லைக் கோட்டைக் காட்டுனீங்க. சேர்த்துக்கோங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா ஆகஸ்டுக்கு முன்னாடி குழாய். வாயால சொன்னாப் பத்தாது, தீர்மானத்துல எழுதுங்க."

மேயருக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று நகரத்திலும் யாரும் பார்த்ததில்லை. பாவம், அவருக்கும் மனசாட்சி இருந்தது. "நியாயம்தாங்க" என்று சொல்லிவிட்டு, தாளை இழுத்துத் தன் கைப்பட ஜூலை முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதவி, பெயர், தான் ஜெயித்த இரண்டு சண்டை, எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டு அந்தப் பெண்மணி நிமிர்ந்து நின்றதைப் போல் ஒரு காட்சியை அந்த அரங்கம் பார்த்ததில்லை. சாவியை யாரும் கேட்கவில்லை.

இணைப்புத் தீர்மானத்துக்கு ஒருவர் கை தூக்கினார், இன்னொருவர் தூக்கவில்லை. எல்லாரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் மார்லிஸ், அப்போ பத்தொன்பது வருஷமா நாம ஊருக்குள்ளதான் இருந்தோமா?"

"இருந்தோம் டெல்பர்ட். தண்ணி மட்டுந்தான் வரல."

யாரும் சிரிக்கவில்லை. டெல்பர்ட் கையைத் தூக்கினார்.